'கிளியரா இருக்கா?': லயத்து டிவிக்கு ஒரு சின்ன வரலாறு

தீபாவளி நெருங்குற நேரத்துல பலாங்கொடை, பெல்மதுளை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைன்னு எந்த டவுனுக்குப் போனாலும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். எலக்ட்ரிக் கடைக்குள்ள வரிசையா டிவிகள். எல்லாத்துலயும் ஏதோ ஒரு கடல், ஒரு கிளி, வெட்டி வச்ச பழம். அதுக்கு முன்னால அட்வான்ஸ் காசோட ஒரு குடும்பம். டிவி மூலையில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 'எச்டி ரெடி', 'ஃபுல் எச்டி', '4கே'ன்னு போட்டிருக்கும். அம்மாவும் அப்பாவும் கம்பஸ் போற பிள்ளையைத் திரும்பிப் பார்த்துக் கேப்பாங்க: "இதுல எதுப்பா கிளியரா இருக்கும்?"

நம்மில் நிறையப் பேர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கோம். பெரிய நம்பரைக் காட்டி "இதுதான்"னு சொல்லிட்டு வந்திருக்கோம். ஆனா 'கிளியர்'ங்கிறது டிவிக்குள்ள மட்டும் இருக்கிற விஷயமில்ல. கெமராவுல தொடங்கி, ஒளிபரப்புக் கோபுரம், நடுவுல நிக்கிற மலை, கூரையில இருக்கிற அண்டெனா, அதுல இருந்து வர்ற வயர், வீட்டுக் கரண்ட், கடைசியா டிவி, அதுக்கு முன்னால உக்காந்திருக்கிற மனுஷனோட கண் வரைக்கும் அது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி பலவீனமா இருக்கோ, அந்த அளவுக்குத்தான் படம் தெரியும். ஸ்டிக்கர் ஒரே ஒரு கண்ணியைப் பத்தித்தான் பேசுது.

சப்ரகமுவ தோட்டங்கள்ல அந்தச் சங்கிலி எங்கெங்க அறுந்துச்சுன்னு தேடிப் போனா, அது நம்ம சனங்களோட வரலாறாவே விரியுது. அதைத்தான் இங்க சொல்லப் பார்க்கிறேன்.

625 கோடுகள்

இலங்கையில தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் திகதி தொடங்கியது. அன்னைக்கு வந்த சுயாதீன தொலைக்காட்சி, ஐ.டி.என்., ஒரு தனியார் முயற்சி. கொழும்பையும் அதைச் சுத்தியுள்ள பகுதிகளையும் தாண்டி அதனால பெருசா எட்ட முடியல. ரெண்டு மாசத்துக்குள்ள அரசாங்கம் அதைப் பொறுப்பேத்துக்கிட்டது. நாடு முழுக்கப் போகணும்ங்கிற நோக்கத்தோட வந்தது ரூபவாஹினி. ஜப்பான் அரசாங்கத்தின் உதவியோட கட்டப்பட்டு, 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. சிங்களம், தமிழ், ஆங்கிலம்னு மூணு மொழி. தொடக்கத்துல இருந்தே கலர்.

இலங்கை எடுத்துக்கிட்ட முறைக்குப் பேர் 'பால்'. ஜெர்மனியில டெலிஃபுங்கன் கம்பெனியில வேலை செஞ்ச வால்டர் புரூக் உருவாக்கினது. இந்த முறையில ஒரு படம் மேல இருந்து கீழ வரைக்கும் 625 கிடைக் கோடுகளா வெட்டப்படுது. அதுல கண்ணுக்குத் தெரியுறது 576 கோடுகள். மீதி, டிவி தன்னைச் சரிப்படுத்திக்கிறதுக்கான கோடுகள். செக்கனுக்கு 25 முழுப் படம். ஒரு படத்தையும் ஒரே தடவையில காட்டாம, ஒற்றைப்படைக் கோடுகள் முதல்ல, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்ததுன்னு ரெண்டு தடவையா வரையும். கண் அதை ஒரே படமாச் சேர்த்துக்கும்.

உதவி செஞ்ச ஜப்பான் தன் நாட்டுல அமெரிக்காவோட 525 கோட்டு முறையைத்தான் வச்சிருந்தது. ஆனா பக்கத்து இந்தியாவைப் போல நம்ம நாட்டுக்கு 625 கோட்டு முறை வந்தது. அதாவது 1982இல் தொழில்நுட்பக் கணக்குப்படி நம்ம படம் டோக்கியோ படத்தைவிடக் கூடுதல் கோடு உள்ள படம். காகிதத்துல அப்படி. லயத்துல எப்படி இருந்துச்சுங்கிறது வேற கதை.

அந்த 1982இல் தோட்டத்துச் சனங்க எந்த நிலைமையில இருந்தாங்கன்னும் பார்க்கணும். 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தியாவுக்குப் போய்க்கிட்டிருந்தன. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நிக்கிற வரைக்கும் அந்தப் பயணம் தொடர்ந்தது. 1981 ஆகஸ்ட்ல இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில திரும்பவும் வன்முறை. மிச்சமிருந்த நாடற்றவங்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 1988இல்தான் வந்தது. ஒரு டிவி வாங்குறதுக்குக் காசு மட்டும் போதாது. நாளைக்கும் இதே காம்பராவுல இருப்போம்ங்கிற நம்பிக்கையும் வேணும். பெட்டி கட்டுறதா, டிவிப் பெட்டி வாங்குறதாங்கிற குழப்பத்துல இருந்த குடும்பங்களுக்கு 625 கோடுங்கிறது அடுத்த கவலைதான்.

மலை வரைஞ்ச படம்

ரூபவாஹினியின் பெரிய பலம் பிதுருதலாகலை. 2,524 மீற்றர் உயரம், நாட்டிலேயே உயர்ந்த மலை. அதன் உச்சியில இருந்து ஒளிபரப்பினா நாட்டின் பெரும்பகுதிக்குப் போகும்னு கணக்குப் போட்டாங்க. கணக்கு சரிதான். ஆனா டிவி அலைகள் வெளிச்சம் மாதிரி, ஏறக்குறைய நேர்கோட்டுலதான் போகும். குறுக்க மலை வந்தா பின்னால நிழல் விழும்.

பிதுருதலாகலையில இருந்து பலாங்கொடை நேர்கோட்டுல சுமார் 40 கிலோமீற்றர்தான். பலாங்கொடை டவுன் இருக்கிறது 500 மீற்றர் உயரத்தை ஒட்டி. ரெண்டுக்கும் நடுவுல ஹோர்ட்டன் சமவெளி, 2,100 மீற்றருக்கு மேல சுவர் மாதிரி நிக்குது. உச்சியில இருந்து பலாங்கொடைக்கு ஒரு நூல் பிடிச்சா, சமவெளி இருக்கிற இடத்துல அந்த நூல் சுமார் 1,400 மீற்றர் உயரத்துலதான் போகும். அதாவது மலைக்குள்ளால போகணும். அதே மாதிரி சிவனொளிபாதமலைத் தொடரின் மேற்குச் சரிவுல, தெரணியகலைப் பக்கத்துப் பள்ளங்கள்ல இருக்கிற தோட்டங்களுக்கும் மலை மறைப்புத்தான். பின்னாட்கள்ல தெற்கே தெனியாயப் பக்கம் கொங்கல மலை போன்ற இடங்கள்ல இருந்தும் ஒளிபரப்பு வந்தது. அந்தக் கோபுரத்தைப் பார்த்த சரிவுல இருந்தவங்களுக்கு நல்ல படம். மறுபக்கச் சரிவுல இருந்தவங்களுக்கு அதே பழைய கதை. ஒரே தோட்டத்துல மேல் டிவிசன்ல கிளியர், கீழ் டிவிசன்ல புள்ளி.

லயங்களை எங்க கட்டணும்னு முடிவெடுத்தது டிவி வர்றதுக்கு நூறு வருஷம் முந்தி. தண்ணி கிடைக்கிற இடம், பெரட்டுக் களத்துக்குக் கிட்ட, நல்ல கொழுந்து வர்ற நிலத்தை வீணாக்காத இடம்னு பார்த்துக் கட்டினாங்க. பெரும்பாலும் பள்ளத்துல. துரை பங்களா மேட்டுல. அந்த ஏற்பாடு அலைவரிசையையும் பங்கு போட்டுக் கொடுத்துச்சு.

நேரா வராத அலை, வேற மலையில மோதித் திரும்பியும் வரும். அப்போ ஒரே ஆளுக்குப் பக்கத்துல நிழல் மாதிரி இன்னொரு ஆள் தெரியும். பழைய டிவி பார்த்தவங்களைக் கேட்டா உடனே சொல்லுவாங்க. இந்த நிழலை வச்சு மலை எவ்வளவு தூரத்துல இருக்குன்னே கணக்குப் போடலாம். பால் முறையில ஒரு கோட்டின் தெரியுற பகுதியை டிவி இடமிருந்து வலமா 52 மைக்ரோசெக்கன்ல வரைஞ்சு முடிக்கும். ரேடியோ அலை ஒரு மைக்ரோசெக்கன்ல 300 மீற்றர் போகும். வீட்டுக்குப் பின்னால 300 மீற்றர்ல ஒரு பாறைச் சரிவு இருந்தா, அலை அங்க போய்த் திரும்ப 600 மீற்றர், அதாவது 2 மைக்ரோசெக்கன் தாமதம். 14 இஞ்ச் டிவியோட திரை அகலம் சுமார் 28 சென்ரிமீற்றர். அப்போ அந்த நிழல் உருவம் சுமார் 1 சென்ரிமீற்றர் வலது பக்கம் தள்ளி விழும். நம்ம பாட்டி நியூஸ் வாசிக்கிற அம்மாவுக்குப் பக்கத்துல பார்த்த அந்த ரெண்டாவது உருவம் எதிர்த்த மலை அனுப்பினது.

பேட்டரி, கம்பம், மழை

80கள்ல பெரும்பாலான லயங்கள்ல கரண்ட் இல்ல. பெக்டரிக்கு இருக்கும், பங்களாவுக்கு இருக்கும், லயத்துக்குக் குப்பி லாம்புதான். அப்படியும் டிவி வந்துச்சு. 12 வோல்ட் கார் பேட்டரியில ஓடுற சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. ஒரு லயத்துல ஒண்ணோ ரெண்டோ. பேட்டரியைச் சார்ஜ் பண்ண டவுனுக்குத் தூக்கிட்டுப் போகணும். பஸ் இல்லாத தோட்டத்துல அது தோள்ல போற சுமை. அதனால டிவியை எல்லா நாளும் போட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமைக்கு, ஒரு நல்ல படத்துக்கு, ஒரு மேட்சுக்குன்னு சேமிச்சு வைப்பாங்க. பேட்டரி இறங்க இறங்கத் திரையில படம் நாலு பக்கமும் சுருங்கி, கறுப்பு ஓரம் பெருசாகும். அதைப் பார்த்தே இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்னு மட்டுக்கட்டத் தெரிஞ்ச ஆட்கள் இருந்தாங்க.

கறுப்பு வெள்ளைன்னாலே தரம் குறைவுன்னு நினைக்க வேண்டாம். பால் முறையில படத்தோட கூர்மை எல்லாம் வெளிச்சம்–இருட்டுச் சிக்னல்லதான் இருக்கு. கலர் தனியா, கொஞ்சம் மங்கலாவே வருது. நல்ல சிக்னல் கிடைச்ச கறுப்பு வெள்ளை டிவி மோசமான சிக்னல் கிடைச்ச கலர் டிவியைவிடத் தெளிவாத் தெரியும். நாம இழந்தது கலரைத்தான்.

சிக்னலைப் பிடிக்கிறதுக்கு மீன்முள்ளு மாதிரி ஒரு அண்டெனா. 1926இல் ஜப்பான்ல உடாவும் யாகியும் கண்டுபிடிச்சது. அதன் குச்சிகளோட நீளம் சும்மா வச்சதில்ல, பிடிக்கிற அலையோட நீளத்துல ஏறக்குறைய பாதி. 200 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு நீளம் ஒன்றரை மீற்றர், அப்போ குச்சி முக்கால் மீற்றர். இந்தக் கணக்குத் தெரியாமலே அலுமினியக் குழாயை வெட்டி அண்டெனா செஞ்ச அண்ணன்மார் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. ஒருத்தர் கம்பத்தைத் திருப்புவார். நடுவுல ஒருத்தர் வாசல்ல. உள்ள இருந்து சத்தம்: "இப்ப இருக்கு... இருக்கு... போச்சு! திருப்பு, திருப்பு!"

பள்ளத்துல இருந்தவங்க இன்னொரு வேலையும் செஞ்சாங்க. மேட்டுல, தேயிலைக்கு நடுவுல கம்பத்தை நட்டு, அங்க இருந்து லயம் வரைக்கும் வயர் இழுத்தாங்க. இதையேதான் 1940களின் கடைசியில அமெரிக்காவின் பென்சில்வேனியாவில, மஹனோய் சிட்டி மாதிரியான நிலக்கரிச் சுரங்க ஊர்கள்ல செஞ்சாங்க. பிலடெல்ஃபியா ஒளிபரப்பை மலை மறைச்சது. மலை உச்சியில அண்டெனா வச்சு வீடு வீடா வயர் இழுத்தாங்க. கேபிள் டிவிங்கிற தொழிலே அப்படிப்பட்ட மலை ஊர்கள்ல இருந்து பொறந்ததுதான். அங்க அது கம்பெனி ஆச்சு. இங்க வயர் இழுத்த அண்ணன் அடுத்த நாள் காலையில பெரட்டுக்குப் போனார்.

வயருக்கும் ஒரு விலை உண்டு. இன்னைக்கு நாம பாவிக்கிற நல்ல வட்ட வயரே 100 மீற்றருக்குள்ள சிக்னலின் பெரும்பகுதியைத் தின்னுடும். அந்தக் காலத்துத் தட்டை வயர் காய்ஞ்சிருந்தா பரவால்ல, நனைஞ்சா சிக்னல் இறங்கிடும். இரத்தினபுரி நாட்டிலேயே அதிகம் மழை பெய்யுற இடங்கள்ல ஒண்ணு. ஆக, மழை நாள்ல புள்ளி விழுந்ததுக்கு டிவியைத் தட்டினது வீண். வாசல்ல தொங்கின வயரைத்தான் பார்த்திருக்கணும். பூஸ்டர் வாங்கி டிவிக்குப் பக்கத்துல வச்சவங்களுக்கும் ஏமாற்றம்தான். பூஸ்டருக்குப் படம் எது, புள்ளி எதுன்னு தெரியாது. வந்த ரெண்டையும் சேர்த்துப் பெருசாக்கும். அதைக் கம்பத்துல, அண்டெனாவுக்குக் கிட்ட வச்சாத்தான் வயர் திங்கிறதுக்கு முன்னால சிக்னலைக் காப்பாத்தலாம்.

டெக்குக் காலம்

மலையை நம்பாம படம் பார்க்க ஒரு வழி வந்தது: டெக். திருவிழா, கலியாணம், சடங்குன்னா டவுன்ல இருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லைன்னா ஜெனரேட்டரும் வச்சு, ராத்திரி முழுக்கப் படம் போடுவாங்க. நம்ம மொழியில, நாம விரும்பின படத்தை, விரும்பின நேரத்துல பார்க்க முடிஞ்சது அப்போதான்.

தரம்? வீ.எச்.எஸ். கேசட்டுல குறுக்குவாக்குல சுமார் 240 விவரங்களைத்தான் பதிய முடியும். ஒளிபரப்புப் படத்தைவிட மங்கல். கேசட்டுல இருந்து கேசட்டுக்குக் கொப்பி எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அழியும். கொப்பியோட கொப்பியில முகத்துல மூக்குக் காணாமப் போகும், சிவப்புச் சேலை ஓரத்தைத் தாண்டி வழியும். அதுக்குப் பிறகு வந்த வீ.சி.டி.யில ஒரு படத்துக்கு 352க்கு 288 புள்ளிகள், பால் படத்துல கால் பங்கு. டான்ஸ் வேகமாப் போனாத் திரை கட்டம் கட்டமா உடையும். டி.வி.டி.யிலதான் 720க்கு 576 முழுசாக் கிடைச்சது. கோடுகளோட எண்ணிக்கையில பார்த்தா ரூபவாஹினி 1982இல் அனுப்பின அளவுதான். மலை குறுக்க நிக்காததால, நிறைய லயங்கள் அந்த 576 கோட்டை முதன்முதல்ல முழுசாப் பார்த்தது டி.வி.டி.யிலதான்.

இதுக்கு நடுவுல 1996 மார்ச் 17. லாகூர்ல உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காம 107 ஓட்டம், அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டால ஜெயிச்சோம். புள்ளி விழுந்த திரையில வெள்ளைப் பந்து எங்கன்னு தேட முடியாது. மட்டை அசையுறதைப் பார்த்து, சனம் கத்துறதைக் கேட்டு, ஆறா நாலான்னு ஊகிச்சுப் பார்த்த மேட்ச். மோசமான படத்துலயும் சந்தோஷப்பட முடியும்ங்கிறதுக்கு அதைவிடச் சாட்சி வேணாம். ஆனா சந்தோஷப்பட்டாங்கங்கிறதை வச்சு 'அவங்களுக்கு அதுவே போதும்'னு முடிவு கட்டுறது தப்பு.

டிஷ் வந்த பிறகு

90களின் கடைசியில தமிழுக்கு இடம் கூடியது. 1998இல் சக்தி, பிறகு நேத்ரா, 2009இல் வசந்தம். லயங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கரண்ட் வந்தது. ஆனா லைன் கடைசியில இருக்கிற லயத்துல சாயங்காலம் எல்லாரும் லைட் போட்டா வோல்டேஜ் இறங்கும், பழைய குழாய் டிவியில படம் சுருங்கும். பேட்டரிப் பிரச்சினை வேற ரூபத்துல திரும்பி வந்த மாதிரி.

அப்புறம் டிஷ். வானத்துல 36,000 கிலோமீற்றர் உயரத்துல இருக்கிற செய்மதிக்கு ஹோர்ட்டன் சமவெளி குறுக்க நிக்காது. நம்ம நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறதால பல செய்மதிகள் நம்ம தலைக்கு மேல உயரத்துலதான் இருக்கு. பள்ளத்துல இருந்தாலும் வானம் தெரிஞ்சாப் போதும். மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் முதன்முதலா ஒரே படத்தைப் பார்த்தது டிஷ் வந்த பிறகுதான். அதுக்கு மாசா மாசம் காசு கட்டணும். மழை அடிச்சா அலை தண்ணித்துளியில கரைஞ்சு படம் நின்னுடும். மழைக்காக ஒரு மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தா அது சப்ரகமுவதான். பெரிய மழைன்னா பால்வெட்டும் இல்ல, டிவியும் இல்ல.

10க்கு 12 அறைக்குள்ள 4கே

இப்ப கடை வாசல் கேள்விக்கு வரலாம். இன்னைய டிவியில படம் பிக்சல்ங்கிற சின்னச் சின்ன நிறப்புள்ளிகளால ஆனது. பழைய 576 கோட்டுப் படம் சுமார் 4 இலட்சம் புள்ளி. 'எச்டி ரெடி' 32 இஞ்ச் டிவிகள்ல பெரும்பாலும் 1366க்கு 768, சுமார் பத்தரை இலட்சம். 'ஃபுல் எச்டி' 1920க்கு 1080, சுமார் 20 இலட்சம். '4கே' 3840க்கு 2160, சுமார் 83 இலட்சம்.

சாதாரணப் பழைய சனலை 4கே திரையில போட்டா, வந்த ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி சுமார் 20 புள்ளிகளை ஊகிச்சு நிரப்பணும். அண்டெனாவுல வந்த நிழலும் புள்ளியும் அதோட சேர்ந்து பெருசாகும். "பழைய டிவியிலதான் கிளியரா இருந்துச்சு"ன்னு அப்பா சொன்னா அது வெறும் பழைய நினைப்பு இல்ல. 14 இஞ்ச் குழாய் டிவி குறைகளைச் சின்னதாக் காட்டி மறைச்சது. 43 இஞ்ச் எதையும் மறைக்காது.

அடுத்தது கண். நல்ல பார்வை உள்ள ஒருத்தரால ஒரு பாகையில அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குள்ள இருக்கிற ரெண்டு புள்ளிகளைப் பிரிச்சுப் பார்க்க முடியாதுன்னு பொதுவாக் கணக்கு வைப்பாங்க. அதை வச்சுப் பார்த்தா, 43 இஞ்ச் ஃபுல் எச்டி டிவியை 1.7 மீற்றருக்கு அப்பால இருந்து பார்த்தாப் புள்ளிகள் பிரிஞ்சு தெரியாது. அதே அளவு 4கே டிவியோட முழு விவரமும் தெரியணும்னா 85 சென்ரிமீற்றர் தூரத்துல, கை நீட்டினாத் தொடுற மாதிரி உக்காரணும். 32 இஞ்ச் ஃபுல் எச்டிக்கு அந்த எல்லை சுமார் 1.3 மீற்றர்.

லயக் காம்பரா 10க்கு 12 அடின்னு சொல்லுவோம், அதாவது 3 மீற்றர் சொச்சம். கட்டில், அலுமாரி, சாமி மேடை போக டிவிக்கும் நமக்கும் நடுவுல ரெண்டு, ரெண்டரை மீற்றர். அந்தத் தூரத்துல 43 இஞ்ச் 4கேக்கும் ஃபுல் எச்டிக்கும் புள்ளி எண்ணிக்கையால வர்ற வித்தியாசம் கண்ணுக்குப் படாது. நிறமும் வெளிச்சமும் நல்லா இருக்கலாம், அது வேற விஷயம். வெள்ளைக்காரன் காலத்து அறை அளவு, இன்னைக்கு எந்த டிவி வாங்குறதுன்னும் சொல்லுது.

கடையில பெட்டிமேல '4கே சப்போர்ட்'னு இருந்தா இன்னொரு கேள்வி கேளுங்க: திரையில உண்மையா எத்தனை புள்ளி? 4கே சிக்னலை வாங்கிச் சுருக்கிக் காட்டுற சின்னத் திரைக்கும் சில விளம்பரங்கள்ல அந்தப் பேர் வந்துடுது. தோட்டத்துல நாட்சம்பளம் 1,000 ரூபாய்க்கு வந்ததே 2021இல், அதுவும் வருஷக்கணக்காப் போராடின பிறகு. தவணைக்கு எடுத்து ரெண்டு வருஷம் கட்டப்போற டிவியில, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளுக்கு எத்தனை நாள் கொழுந்து எடுக்கணும்னு பார்த்தா, நம்ம பதில் கொஞ்சம் பொறுப்பா வரும். அந்த மிச்சக் காசுல ஒரு நல்ல அண்டெனாவும் நல்ல வயரும் வாங்கினாலே படம் திருந்தும்.

கரும்பலகை தெரியணும்

இதெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சுத்தானேன்னு கேக்கலாம். 2020இல் கொரோனாவால பள்ளிக்கூடம் மூடினப்போ, அரச தொலைக்காட்சியில பாடம் நடந்துச்சு. சிங்களத்துல 'குருகெதர', தமிழ்ல 'குருகுலம்'. ஃபோனுக்குச் சிக்னல் இல்லாத, டேட்டாவுக்குக் காசில்லாத பிள்ளைங்களுக்கு அதுதான் வழி. கணக்குப் பாடத்துல எக்ஸுக்கு மேல இருக்கிறது 2ஆ 3ஆங்கிறது தெரியணும். வேதியியல்ல கீழ எழுதுற சின்ன எண் தெரியணும். ஒரு சினிமாப் பாட்டுக்குப் புள்ளி விழுந்தா ரசிச்சுட்டுப் போகலாம். ஒரு சமன்பாட்டுக்கு மேல புள்ளி விழுந்தா ஒரு மார்க் போகும். அந்த வருஷம்தான் 'கிளியர்'ங்கிற சொல்லுக்கு அர்த்தம் எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சது.

அடுத்து வரப்போறது

இனி நடக்கப்போறதுதான் முக்கியம். இலங்கை தரைவழி ஒளிபரப்பை டிஜிட்டலாக்க 2014இல் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.–டி முறையைத் தேர்ந்தெடுத்தது. அதே வருஷம் செப்டெம்பர்ல ஜப்பானோட கடன் ஒப்பந்தமும் கையெழுத்தானது. பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் மாற்றம் முடியல. ஆனா என்னைக்கோ ஒரு நாள் முடியும், அனலாக் ஒளிபரப்பு நிக்கும்.

டிஜிட்டல்ல நிழல் இல்ல, புள்ளி இல்ல. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அனலாக்ல சிக்னல் பாதியா வந்தாப் பாதிப் படமாவது தெரியும். டிஜிட்டல்ல ஒரு அளவுக்கு மேல இருந்தா முழுப் படம், அதுக்குக் கீழ இறங்கினாத் திரை உறைஞ்சு கறுப்பாகும். இடையில ஒண்ணும் கிடையாது. நாப்பது வருஷமா நம்ம பள்ளங்கள் வாழ்ந்தது அந்த இடைப்பட்ட இடத்துலதான், மங்கலா, நிழலோட, ஊகிச்சுக்கிட்டு. மாற்றம் சரியா நடக்கலைன்னா அந்த மங்கலும் போயிடும்.

ஜப்பான் 2011இல் தன் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினப்போ இதை யோசிச்சுச் செஞ்சது. வசதி குறைஞ்ச வீடுகளுக்கு டிஜிட்டல் பெட்டி கொடுத்தாங்க. மலை மறைச்ச ஊர்களுக்குக் கூட்டு அண்டெனா, அதுவும் எட்டாத இடத்துக்குக் கொஞ்சக் காலம் செய்மதி வழியா ஒளிபரப்பு. நாம கடன் வாங்குற நாடு தன் மலைச் சனங்களுக்குச் செஞ்சதை, நம்ம நாடு நம்ம மலைச் சனங்களுக்குச் செய்யணும்னு கேக்குறது பெரிய கோரிக்கை இல்ல.

கேக்க வேண்டியது மூணு. சிக்னல் அளக்குறவங்க பிரதான ரோட்டோட நிறுத்தாம லயத்து வாசலுக்கு இறங்கி வந்து அளக்கணும், கீழ் டிவிசன்லயும். பெட்டிக்கு உதவி கொடுக்கிற பட்டியல்ல தோட்டக் குடும்பங்களும் இருக்கணும். என்ன மாறுது, என்ன வாங்கணும், எதை வாங்க வேணாம்ங்கிறதைத் தமிழ்ல முன்கூட்டியே சொல்லணும். இல்லைன்னா அந்த இடைவெளியில வந்து நிக்கப் போறது ஸ்டிக்கர்தான்.

அதுக்கு முன்னால நாம செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு. எந்த லயத்துல எந்தச் சனல் தெரிஞ்சது, கம்பம் எந்த மேட்டுல நட்டிருந்தது, பேட்டரியை யார் சுமந்தாங்கங்கிறது எந்தத் தோட்ட ஆபீஸ் புத்தகத்துலயும் இல்ல. அது நம்ம பெரியவங்க ஞாபகத்துல மட்டும் இருக்கு. அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ ஒரு கொப்பியில எழுதி வாங்கிட்டு வாங்க. எங்கெங்க படம் தெரியலைன்னு ஒரு வரைபடமே போடலாம். நாளைக்கு யாராவது "எல்லா இடத்துக்கும் சிக்னல் போகுது"ன்னு சொன்னா, எடுத்துக் காட்ட நம்ம கையில ஒண்ணு இருக்கும்.